அயலார் பார்வையும் லயத்து வாசலும்



மனிதன் வீடு கட்டி வாழத் தொடங்கிய நாளிலேயே அயல்வீட்டுக்காரன் என்றொருவனும் தோன்றிவிட்டான். ஆபத்து நேரத்தில் அவனைப்போல் விரைந்து வந்து உதவுபவர் வேறு எவருமிலர். மற்ற நேரங்களில் அவனைப்போல் நமது காரியங்களைத் துருவித் துருவிக் கேட்பவரும் வேறு எவருமிலர். இவ்விரு குணங்களும் பெரும்பாலும் ஒரே மனிதரிடத்திற் குடிகொண்டிருப்பதனாலேயே அயலாரோடு வாழ்வது ஒரு கலையாகின்றது. உறவை முறித்துக்கொண்டால் உதவியும் போய்விடும். உறவை அளவின்றி வளர்த்தால் அந்தரங்கம் போய்விடும்.

இதற்குப் பரிகாரம் கூறுவோர் பலர், "வேலியை உயர்த்துங்கள், கதவைச் சாத்துங்கள்" என்பர். வேலியும் கதவும் உள்ளவர்களுக்கு அது நல்ல யோசனையே. ஆனால், சுற்றி வேலி போட ஓரடி நிலமும், சாத்திவைக்க இரண்டாவது கதவும் இல்லாத குடும்பங்கள் என்ன செய்வது? நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலிய இடங்களைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களிலே, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் இந்தக் கேள்விக்கு விடை கண்டு வாழ்ந்து வந்திருக்கின்றனர். அந்த விடையையும், இன்று அதற்கு நேர்ந்துள்ள மாற்றத்தையுமே இப்பேச்சில் ஆராய விரும்புகின்றேன்.

முதலில் லயத்தின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தோட்டங்களில் லயங்கள் எழுந்துவிட்டன. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் வழிகாட்டலில் வந்த மக்களுக்கு இருப்பிடமாக, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் கட்டப்பட்டன. ஒரு காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. அதன் முன்னே இஸ்தோப்பு எனப்படும் சிறு திறந்த தாழ்வாரம். சில லயங்களில் ஒருபுறம் மட்டுமே வாசல். வேறு சிலவற்றில் முதுகோடு முதுகு சேர்ந்தாற்போல இருபுறமும் வாசல். பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எட்டுவதில்லை. சுவரின் உச்சிக்கும் தகரத்துக்கும் இடையிலே வெளி இருந்தது. அந்த வெளியினூடே அடுப்புப் புகையும் பேச்சும் தடையின்றிப் போய்வந்தன.

இம்மக்கள் விட்டுவந்த தமிழ்நாட்டுக் கிராமத்து வீடு எளியதாயினும் அதில் படிமுறையான எல்லைகள் இருந்தன. வழிப்போக்கருக்குத் திண்ணை, உறவினருக்கு உள்வீடு, வீட்டாருக்கு மட்டும் அடுக்களை. வருகின்றவர் எந்த இடத்தோடு நிற்கவேண்டும் என்பதை வீட்டின் அமைப்பே சொல்லிவிடும். லயத்திலோ வாசலிலிருந்து அடுப்புக்கு நான்கே எட்டு. அடுத்த வீட்டுக் குழந்தையின் இருமல், நள்ளிரவில் எழும் கணவன் மனைவி வாக்குவாதம், சம்பள நாளிற் சில்லறை எண்ணும் ஓசை, யாவும் இந்தப் பக்கத்துக்குக் கேட்கும். முதற் காம்பராவிற் கருவாடு வறுத்தால் அன்றைய கறி இன்னதென்று கடைசிக் காம்பராவரை தெரிந்துவிடும். மலைநாட்டுக் குளிரும் மழையும் மனிதரை வெளியே உலாவவும் விடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மாலை மங்கியதும் எல்லாரும் அடுப்படியைச் சுற்றி ஒடுங்கிவிடுவர். பேச்சு வளர்வதும், அதை அடுத்த காம்பரா கேட்பதும் அந்த நேரத்திலேதான்.

இனி, அயலாரின் கண்ணைப் பற்றிப் பேசுமுன், அதனிலும் பெரிய கண்ணொன்று லயத்தின்மீது பதிந்திருந்ததைச் சொல்லவேண்டும். காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமன்று, தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரையே வீடு. தங்களைக் காண வருவோர் யாவர் என்பதைத் தீர்மானிப்பதிலும் தோட்ட நிர்வாகமே அதிகாரம் செலுத்திய காலமொன்றிருந்தது. வெளியார் தோட்ட எல்லைக்குள் வந்தால் அத்துமீறிப் பிரவேசித்தனர் என்ற குற்றச்சாட்டை எதிர்நோக்க நேரிடும். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யர் அவர்கள், புடைவை வியாபாரியைப்போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்று தொழிலாளரைச் சந்தித்தார் என்று சொல்லப்படுவதுண்டு. தன் இஸ்தோப்பில் ஒரு விருந்தினரை இருத்தி உரையாடும் உரிமைகூட உறுதியாக இல்லாதவன், அயல்வீட்டானின் கேள்விக்கு எல்லை வகுப்பது எங்ஙனம்? சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தமது நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டதன் பொருளும் இவ்விடத்தில் நன்கு விளங்கும். கூரை இருந்தது, வாசலும் இருந்தது, ஆனால் அந்த வாசல் அவனுடையதாக இருக்கவில்லை.

இந்த நிலைமை ஒருமுறை இலங்கையின் எல்லையையும் கடந்து இலண்டன்வரை சென்றது. 1946ஆம் ஆண்டளவில், கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கத்தினாற் பொறுப்பேற்கப்பட்டபோது, அங்கு பரம்பரையாக வாழ்ந்த தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் காம்பராக்களை விட்டு அகலவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு கூறும் குற்றவியல் அத்துமீறல் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. அவர்களுள் ஒருவரின் வழக்கு, அக்காலத்தில் எமது மேன்முறையீடுகளை விசாரித்த இறுதி மன்றமாகிய பிரிவிக் கவுன்சில் என்னும் கோமறைக் கழகத்தின் முன் 1950இல் தீர்க்கப்பட்டது. அச்சட்டப்பிரிவின்படி, பிறர் வசமுள்ள இடத்தில் ஒருவர் தங்கியிருப்பது மட்டும் குற்றமாகாது. குற்றம் புரியும் எண்ணமோ, அங்குள்ளாரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டுமென்ற நோக்கமோ இருத்தல் வேண்டும். அந்தத் தொழிலாளியின் மேலான நோக்கம் தன் பரம்பரை இருப்பிடத்தில் எவ்வாறேனும் நிலைத்திருப்பதே என்றும், பிறரைத் தொல்லைப்படுத்துவது அதன் நோக்கமாகாது என்றும் கண்டு, அவர்மீது விதிக்கப்பட்ட குற்றத்தீர்ப்பை அம்மன்றம் நீக்கியது. சொத்துரிமை அவருக்கு உண்டென்று அத்தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும், 10 அடிக்கு 12 அடிக் காம்பராவையும் ஒரு மனிதனின் இல்லமென்றே அது மதித்தது.

மனித உரிமைகள் பற்றிய அனைத்துலகப் பிரகடனம் 1948 டிசம்பர் 10ஆந் திகதி நிறைவேற்றப்பட்டது. அதன் 12ஆம் உறுப்புரை, எவருடைய அந்தரங்கத்திலும், குடும்பத்திலும், வீட்டிலும், கடிதப் போக்குவரத்திலும் மனம்போனபடி தலையிடலாகாது என்கின்றது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர், அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழரிற் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டங்களில் இறுதியானவை வர 2003ஆம் ஆண்டுக்கு அப்பாலும் காத்திருக்க நேர்ந்தது. வீடு, அந்தரங்கம், கடிதம் என்ற மூன்றும் உலகப் பிரகடனத்தில் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை காரணமின்றியன்று. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி விலாசம் இல்லாமையால், தபால்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து பின்னரே கைமாறின. கடிதம் உரியவரைச் சேர்வதற்குமுன், கடிதம் வந்திருக்கும் செய்தி லயம் முழுவதும் சேர்ந்துவிடும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு பிந்திக் கிடைத்ததால் வேலை இழந்தவர்களின் கதை மலையகத்திற் புதியதன்று.

நேயர்களே, சுவரும் சட்டமும் துணைநில்லாத இடத்தில் இம்மக்கள் தங்கள் மானத்தை எவ்வாறு காத்தனர்? பழக்கவழக்கங்களினாலே காத்தனர். அவற்றுட் பல, ஊரிலிருந்து அவர்கள் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தவை.

வெளியே புறப்படுபவரைப் பார்த்து "எங்கே போகிறாய்?" என்று கேட்பது தமிழரிடையே சகுனத் தடை. "தூரமோ?" என்றே கேட்கவேண்டும் என்பர். இது வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கத்தக்கதன்று. "எங்கே?" என்ற வினாவுக்கு இடத்தின் பெயரையே விடையாகக் கொடுக்கவேண்டும். "தூரமோ?" என்ற வினாவுக்கோ, "இல்லை அக்கா, இங்கேதான்" என்று கூறிவிட்டு நடந்துவிடலாம். கேட்டவருக்குத் தம்மை மதித்தனர் என்ற திருப்தி. போகின்றவருக்குத் தம் காரியம் தம்மோடிருக்கின்றது என்ற நிம்மதி. இங்கே அக்கறைக்கும் துருவலுக்கும் நடுவே நம் முன்னோர் ஒரு கோடு கீறி வைத்திருக்கின்றனர். ஒருவரைத் தடுத்து நிறுத்தாத கேள்வியையே கேட்கவேண்டும் என்பதே அந்தக் கோடு.

பிறர் வாசலை அணுகுமுன் செருமுவதும், "வீட்டில் யார்?" என்று குரல் கொடுப்பதும் இன்னொரு வழக்கம். கதவு திறந்திருந்தாலும் இஸ்தோப்பிலே நின்று குரல் கொடுத்தவருக்கே மரியாதை. விளக்கு வைத்த பின்னர் உப்பு, ஊசி முதலியவற்றை இரவல் கேட்பதில்லை என்ற வழக்கமும் அவ்வாறானதே. பகல் முழுவதும் திறந்து கிடந்த வாசலுக்கு, இரவில் ஒரு தாழ்ப்பாளாக அது பயன்பட்டது. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு பிடி கீரையாவது இட்டுக் கொடுப்பதும் உண்டு. வாங்கியவர் கடனாளியாகத் தலைகுனியாமலிருக்க அது உதவிற்று. அக்கா, அண்ணன், மாமி, சின்னம்மா என்று எல்லாரையும் முறைசொல்லி அழைப்பதும் வெறும் அன்பின் மிகுதியன்று. ஓரிடத்தில் நெருங்கி வாழும் ஆண் பெண் யாவருக்கும் இடையே இன்னாரோடு இவ்வளவுதான் பேசலாம் என்ற அளவை அம்முறைகள் வகுத்துத் தந்தன.

இவை எல்லாவற்றிலும் மேலான வழக்கம் ஒன்றுண்டு. லயத்திலே காதில் விழுவது குற்றமன்று. விழுந்ததை வெளியே கொண்டுபோவதே குற்றம். பக்கத்துக் காம்பராவிற் சண்டை நடந்த மறுநாட் காலை, அந்த வீட்டுப் பெண் பீலிக்கரைக்கு வருவாள். கேட்டவர்களெல்லாம் கேளாதவர்போலத் தண்ணீர் பிடிப்பர். பேச்சு மழையைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியுமே நடக்கும். கேளாதவர்போல நடந்துகொள்ளும் அந்தப் பெருந்தன்மையே லயத்து மக்கள் எழுப்பிய சுவர். சுவர் இரகசியத்தைக் காக்காத இடத்தில் அயலார் காத்துக் கொடுத்தனர்.

ஆனால் எல்லா அயலாரும் எக்காலத்திலும் அப்படி நடந்தனர் என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். பீலிக்கரையும் பிரட்டுக்களமும் கொழுந்து நிறுக்கும் மடுவமும் வதந்தி பிறக்கும் இடங்களாகவும் இருந்தன, இருக்கின்றன. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. உயர்தர வகுப்பிற் பயிலும் ஒரு மாணவி, மாலை வகுப்பு முடிந்து நகரிலிருந்து கடைசி பஸ்ஸிலே வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். "உன் மகள் ஏன் இவ்வளவு நேரங்கழித்து வருகிறாள்?" என்று தாயிடம் ஒருத்தி கேட்கிறாள். அடுத்த வாரம் அதே கேள்வியை நால்வர் கேட்கின்றனர். பிள்ளை தவறொன்றும் செய்யவில்லை என்பது தாய்க்குத் தெரியும். இருந்தும் ஊர்வாய்க்கு அஞ்சி வகுப்பை நிறுத்திவிடுகின்றாள். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் காத்திருந்த படிப்பை, யாரோ ஒருவருடைய பொழுதுபோக்குக் கேள்வி முடித்துவைக்கின்றது. கொழும்பிலே வேலை பார்த்து மாதந்தோறும் பணம் அனுப்பும் பெண்ணைப் பற்றியும், மணமாகி இரண்டாண்டாகியும் பிள்ளையில்லாத தம்பதியைப் பற்றியும் எழும் பேச்சுக்கள் இத்தகையனவே.

திருவள்ளுவர் புறங்கூறாமைக்கும் பயனில சொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமை யாவரும் அறிந்ததே. அவ்விரண்டையும் அவர் துறவறவியலிலோ பொருட்பாலிலோ வையாமல், இல்லறவியலிலேயே வைத்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். அயலாரைப் பற்றிய பேச்சை அடக்குவது, விருந்தோம்பலைப்போல, வீடு நடத்துவோரின் அன்றாடக் கடமை என்பதே அந்த வைப்புமுறையிலிருந்து நாம் கொள்ளக்கூடிய கருத்து.

அப்படியாயின் அக்கறையோடு விசாரிப்பவர் யார், வம்புக்காகத் துருவுபவர் யார் என்று கண்டுகொள்வது எப்படி? கேள்வியைக்கொண்டு கண்டுகொள்ள முடியாது. இருவரும் ஒரே சொற்களையே பயன்படுத்துவர். விடை கிடைத்த பின்னர் அவர் என்ன செய்கின்றார் என்பதைக் கவனியுங்கள். "மாமாவுக்குச் சுகமில்லையாமே?" என்று கேட்டவர், அதன்பின் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தால் அவர் அயலார். அதே செய்தியோடு அடுத்த காம்பராவுக்கு நடந்தால் அவர் வம்பர். இந்தச் சோதனையை நாம் பிறருக்கு வைக்குமுன் நமக்கே வைத்துப் பார்ப்பது நலம். கேட்க வாயெடுக்கும்போதே, இதற்கு விடை கிடைத்தால் நான் செய்யப்போகும் உதவி என்ன என்று எண்ணிப் பார்த்தால், பாதிக் கேள்விகள் தாமாகவே அடங்கிவிடும்.

துருவுபவரிடம் சினந்து பேசுவதாற் பயனில்லை. நாளைக் காலையில் அதே பீலியில் அவரோடு தண்ணீர் பிடித்தாகவேண்டும். விடையைச் சுருக்குவதும், பேச்சை அவர் பக்கம் திருப்புவதுமே நல்ல உபாயம். "மகனுக்குக் கொழும்பில் எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால், "அவன் செலவுக்குப் போதுமாம், மாமி. உங்கள் முழங்கால் வலி இப்பொழுது எப்படி?" என்று கேட்கலாம். "பிள்ளை இன்னும் இல்லையா?" என்போரிடம், "கடவுள் கொடுக்கும்போது முதலில் உங்களிடந்தானே சொல்வேன், அத்தை" எனலாம். மூன்றாம் முறையும் கேட்பவரிடம் மட்டும், தனியாக அழைத்து, பிறர் முன்னிலையிலன்றி, "அக்கா, இதைப் பற்றிக் கேட்டால் எனக்கு மனம் நோகிறது, இனிக் கேட்கவேண்டாம்" என்று தெளிவாகவே சொல்லிவிட வேண்டும். பலர் நடுவே சொன்னால் அது அவமானமாகும். தனியே சொன்னால் வேண்டுகோளாகும். பிள்ளைகளிடம் அயல்வீட்டுச் செய்தி கேட்பதையும், நம் பிள்ளைகளை அதற்குப் பழக்குவதையும் முற்றாக விலக்கவேண்டும்.

இங்கே முக்கியமான ஒன்றை வற்புறுத்திச் சொல்லவேண்டும். கேளாதவர்போலிருக்கும் பெருந்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. சுவருக்கு அப்பால் ஒரு பெண் அடிபடும் ஓசையோ, ஒரு குழந்தை வதைபடும் அலறலோ கேட்டால், "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது பெருந்தன்மையாகாது. வீட்டு வன்முறையைத் தடுப்பதற்கென 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் உண்டு. நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளையை அதன்கீழ்ப் பெறலாம். பெண்களுக்கான உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கமும், சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கமும் உள்ளன. மறுநாட் பீலிக்கரையில் அச்செய்தியைப் பரப்புவதைவிட, அன்றிரவே கதவைத் தட்டுவதும், தட்ட அஞ்சினால் தொலைபேசியில் அறிவிப்பதும் ஆயிரம் மடங்கு மேலானவை. மலைநாட்டில் இயற்கையும் இக்கடமையை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது. 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்ட துயரத்தை நாம் மறத்தற்கில்லை. அத்தகைய வேளைகளில் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் மலைக்குப் போயிருந்தார், யார் உள்ளே நோயாகப் படுத்திருந்தார் என்று சொல்லக்கூடியவர் அயலாரே. அவ்வளவு அறிந்து வைத்திருப்பது அவர்தம் பொறுப்பு. அதற்கு மேற்பட்டதே வம்பு.

இப்பொழுது காலம் மாறி வருகின்றது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறின. இன்றும் பல குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. எனினும், 2015ஆம் ஆண்டு முதல் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசாங்கத்தின் உதவியோடும் வீடுகள் எழுந்துள்ளன. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஆகவே 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவிலே பிறந்தவர்க்கு அதன் பொருள் எத்தகையது என்பதைக் கூறவேண்டியதில்லை. முதன்முறையாக, தன் கையாலே ஒரு வேலிக்கம்பு நட அவருக்கு இடம் கிடைக்கின்றது.

வேலி வந்தால் வேலிச் சண்டையும் வரலாம். யாழ்ப்பாணத்தார் இதில் நீண்ட அனுபவசாலிகள். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அவ்வூர்களிலே, கதியால் ஒரு சாண் நகர்ந்தது என்பதற்காக நீதிமன்றப் படியேறியோர் உண்டு. அதே வேலியில், பெண்கள் போய்வரவும் உலைக்கு அரிசி மாற்றிக்கொள்ளவும் பொட்டு என்று ஒரு சிறு வழி விட்டிருந்ததும் உண்டு. வேலியை அடைத்தவர்களே அதில் ஒரு வழியையும் விட்டனர் என்பதை மலையகத்துப் புது வீட்டார் மனத்திற் கொள்ளவேண்டும்.

மலைச்சரிவிலே பிணக்குக்கு முதற் காரணம் வேலியன்று, நீர். இயற்கையாக ஓடிவரும் மழைநீரைக் கீழ்க்காணிக்காரர் ஏற்கவேண்டும் என்பது எமது பொதுச் சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவான கொள்கை. ஆனால் மேல்வீட்டார் கால்வாய் வெட்டி அந்நீரை ஒருமுகப்படுத்திக் கீழ்வீட்டு வாசலிற் பாய்ச்சவோ, குசினிக் கழிவுநீரை அதனோடு சேர்த்துவிடவோ உரிமையில்லை. கூரைத் தண்ணீர் நமது நிலத்திலேயே விழுமாறு தாழ்வாரத்தை அமைத்துக்கொள்ளல் வேண்டும். எல்லையோரத்தில் வளர்ந்து விரியும் மரங்களை நடலாகாது. வேலி போடுமுன் அனுமதிபெற்ற நில அளவையாளரின் படத்தைப் பார்த்து, இரு வீட்டாரும் எல்லைக்கல்லின் அருகே ஒன்றாக நின்று உடன்படுவது நல்லது. அந்த அரைமணி நேரம் பத்தாண்டுச் சண்டையைத் தவிர்க்கும்.

ஓசைக்கும் எல்லையுண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளை இயக்குவதை எமது உயர் நீதிமன்றம் 2007ஆம் ஆண்டிற் கட்டுப்படுத்தியது. ஒரு காலத்தில் லயத்துக்கு ஒரு வானொலிப்பெட்டி இருந்தால் பன்னிரண்டு காம்பராவும் பாட்டுக் கேட்டு மகிழ்ந்தன. இன்று பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு பாட்டு. வானொலியிற் பேசிக்கொண்டே இதைச் சொல்வதைப் பொறுத்தருள்க. நேயர்கள் எமது நிகழ்ச்சியைத் தங்கள் வீட்டளவிற் கேட்டால் எமக்கு அதுவே போதும். கைத்தொலைபேசியோ ஓசையிலும் பெரிய தொல்லையொன்றைக் கொண்டுவந்துள்ளது. முன்னர் லயத்து வம்பு அடுத்த லயத்தோடு நின்றது. இன்று பீலிக்கரையில் எடுத்த ஒரு படம், அரைமணி நேரத்தில் அட்டனையும் கொழும்பையும் கடந்து வெளிநாடுவரை போய்விடுகின்றது. பிறர் வீட்டு வாசலையோ பிள்ளைகளையோ கேளாமற் படம் எடுப்பதும் பரப்புவதும், கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவதற்குச் சமானம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பிணக்கு வரலாம். வந்தால், முதலில் அயலாரிடமே நேராகப் போய்ப் பேசுங்கள். தோட்டத் தலைவரிடமோ, காரியாலயத்திலோ, பொலிஸ் நிலையத்திலோ முதலிற் முறையிட்டால், மறுபக்கத்தார் அதைப் பகைமை அறிவிப்பாகவே கொள்வர். பேச்சாற் தீராதவற்றை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இச்சபைகளில், இருசாராரையும் ஒருங்கிருத்தி உடன்பாடு காண முயல்வர். ஒருவர் வென்று மற்றவர் தோற்பது நீதிமன்றத்தின் முறை. நாளையும் எதிரெதிர் வாசலில் முகம்பார்க்க வேண்டியவர்களுக்கு உடன்பாடே உகந்தது.

புதிய வீடுகளிலே சுவர் கூரையைத் தொடுகின்றது. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. லயத்துப் பீலிக்கரையிலே கேளாதவர்போல நின்ற பெண்களின் நாகரிகம் இனித் தேவையில்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. சுவரைத் தோட்டமோ அரசாங்கமோ கட்டித்தரலாம். காதில் விழுந்ததைக் காத்துக்கொள்ளும் வாயை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கவேண்டும். இன்று மாலை அடுத்த வீட்டு மகள் கடைசி பஸ்ஸில் வந்திறங்கும்போது, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேளாமல், "படிப்பு நன்றாக நடக்கிறதா, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டு வழிவிடுங்கள்.